கல்மாவில் பதிந்த கால்கள்

மார்கழி மாதம், விடியற்காலை நாலரை மணி. வாசல் தெளிக்க எழுந்த அத்தை சமையல்கட்டு நிலைப்படியிலேயே நின்றுவிட்டார். “லைட்டைப் போடாதம்மா. கேஸ் வாடை வருது” என்றார். சத்தம் போடவில்லை, மெதுவாகத்தான் சொன்னார். என் கணவர் இருட்டிலேயே தடவிப் போய் ரெகுலேட்டரை அணைத்தார். நான் கொல்லைக் கதவைத் திறந்தேன். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு தரையாகத்தான் பரவும். அதனால் ஜன்னலைவிடக் கதவைத் திறப்பதுதான் முதல் உதவி. விடிந்த பிறகு பார்த்தோம். அடுப்புக்குப் பின்னால் ரப்பர் ட்யூப் பாதிக்குமேல் கடிபட்டிருந்தது. நகத்தால் கிள்ளியதுபோல இரட்டை இரட்டையாகப் பள்ளங்கள். மேடையில் ரப்பர் துணுக்குகள் தேயிலைத் தூள் மாதிரி உதிர்ந்து கிடந்தன.

எங்கள் வீடு மயிலாடுதுறையில் இருக்கிறது. என் கணவரின் தாத்தா கட்டிய ஓட்டு வீடு. திண்ணை, ரேழி, கூடம், நடுவில் முற்றம், சமையல்கட்டுக்கு மேலே பரண், கொல்லையில் இரண்டு தென்னை. இப்படிப்பட்ட வீட்டில் எலியும் கரப்பும் இருக்கும் என்று எல்லோரும் ஏற்றுக்கொண்டுதான் வாழ்வார்கள். நாங்களும் அப்படித்தான் இருந்தோம். தொந்தரவு அதிகமானால் கடைக்குப் போய் எதையாவது வாங்கி வருவோம், பத்து நாள் மறந்துவிடுவோம். அந்த மார்கழிக் காலைக்குப் பிறகு அப்படி இருக்க முடியவில்லை. என் மகனுக்கு அப்போது ஆறு வயது. அவன் தூங்கிய அறை சமையல்கட்டை ஒட்டியது.

அதற்கப்புறம் சில ஆண்டுகளாக நான் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். வீட்டுக்குள் வரும் ஒவ்வொரு உயிருக்கும் ஒரு பாதை, ஒரு நேரம், ஒரு தேவை இருக்கிறது. அதைப் பார்க்காமல் மருந்து வாங்கினால் காசு வீண். சில நேரம் உயிருக்கே ஆபத்து.

எலி ரப்பரைத் தின்பதற்காகக் கடிப்பதில்லை. அதன் முன்பற்கள் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். கடித்துத் தேய்க்காமல் அதனால் இருக்க முடியாது. மரம், வயர், சோப்பு, பிளாஸ்டிக் மூடி எதுவானாலும் சரி. ட்யூபில் சமையல் எண்ணெய்ப் பிசுக்கு படிந்திருந்தால் வாடை பிடித்து அங்கேயே வாய் வைக்கும். அன்றைக்கே பழைய ரப்பர் ட்யூபைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஏஜென்சியில் கிடைக்கும் ஆரஞ்சு நிற ‘சுரக்ஷா’ ட்யூபை மாற்றினோம். அதன் உள்ளே கம்பிப் பின்னல் இருக்கும். அதையும் 5 ஆண்டுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும், வாரம் ஒரு முறை எண்ணெய்ப் பிசுக்கில்லாமல் துடைக்க வேண்டும். இதைப் படிப்பவர்கள் வேறு எதைச் செய்யாவிட்டாலும் இன்று அடுப்பை நகர்த்தி ட்யூபின் பின்பக்கத்தை ஒரு முறை பாருங்கள்.

அடுத்தது, வருவது யார் என்று தெரிந்துகொள்வது. எலி என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். எங்கள் வீட்டில் நான் பார்த்தது நான்கு வகை. சுண்டெலி கட்டைவிரல் நீளம்தான் இருக்கும், புழுக்கை அரிசி நொய் மாதிரி. பென்சில் நுழையும் ஓட்டை, அதாவது 6 மில்லிமீட்டர் இருந்தால் போதும், உள்ளே வந்துவிடும். வீட்டெலியின் வால் உடம்பைவிட நீளம். ஏறுவதில் கெட்டிக்காரன். ஓடு, பரண், தென்னைமரம், கேபிள் வயர் எல்லாம் அதற்கு ரோடுதான். பெருச்சாளி தரையில் வளை தோண்டும், சாக்கடை ஓரம் மண்ணை வாரிக் குவிக்கும், ஏறுவதில் அவ்வளவு ஆர்வம் இல்லை. நான்காவது மூஞ்சூறு. அது எலியே இல்லை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

யார் எந்த வழியாக வருகிறார் என்று கண்டுபிடிக்க எங்கள் அத்தை ஒரு யோசனை சொன்னார். “கோலமாவைத் தூவி வைம்மா, காலையில கால் தெரியும்” என்றார். அரிசி மாவைத் தூவினால் அதையே தின்றுவிடும். வெள்ளைக் கல்மாவுதான் சரி. இரவு பாத்திரம் கழுவி முடித்ததும் சுவர் ஓரமாக ஒரு சாண் அகலத்துக்குச் சல்லடையில் சலித்து மெல்லிய படலமாகப் போட்டேன். காலையில் டார்ச்சைத் தரையோடு படுக்கவைத்து அடித்தால் பதிவு நிழல் கட்டித் தெரியும். முன்னங்காலில் நான்கு விரல், பின்னங்காலில் ஐந்து, நடுவில் வால் இழுத்த கோடு. அது எலி. எங்கேயும் அறையின் நடுவில் ஒரு பதிவுகூட இல்லை, எல்லாம் சுவரை ஒட்டி நான்கு விரற்கடைக்குள். எலிக்குக் கண் பார்வை மந்தம். மீசையும் உடம்பும் சுவரில் உரசிக்கொண்டே போனால்தான் அதற்கு வழி தெரியும், பயமும் இருக்காது. அதனால்தான் அது போகும் பாதையில் சுவரின் அடியில் அழுக்கெண்ணெய் தடவியது போல ஒரு கறுப்புக் கோடு விழும். எத்தனையோ முறை கூட்டித் துடைத்த சுவர்தான், அந்தக் கோட்டை நான் ஈரக் கறை என்றே நினைத்திருந்தேன்.

மூன்று நாள் மாவு தூவியதில் பாதை முழுக்கத் தெரிந்தது. பரணிலிருந்து இறங்கி, அரிசித் தூக்குக்குப் பின்னால் வந்து, அடுப்பு மேடை வழியாகத் தண்ணீர்த் தொட்டி. திரும்பவும் அதே வழி. பரணுக்கு எங்கிருந்து வருகிறது? அங்கேதான் கொல்லையில் இருந்த தென்னையைக் கவனித்தேன். அடியில் குரும்பைகள் விழுந்து கிடக்கும், ஒவ்வொன்றிலும் காம்புக்குப் பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசு அளவு ஓட்டை. அணில் கடித்தது என்று நாங்கள் ஒதுக்கித் தள்ளியது. ஒரு மட்டை ஓட்டின் மேல் படிந்து கிடந்தது. அதுதான் பாலம். மட்டையை வெட்டினோம். மரத்தில் ஆள் உயரத்துக்கு மேல் ஒன்றரை அடி அகலத்தில் தகரத்தைச் சுற்றி அடித்தோம். வழவழப்பில் எலியின் நகம் பிடிக்காது. பக்கத்து மரத்தின் மட்டை உரசாத மரத்துக்குத்தான் இது பலிக்கும், உரசினால் மேலேயே தாவி வந்துவிடும்.

அப்புறம் பொறி. கடைத்தெருவில் பழைய பொறிகளுக்குக் கம்பி மாற்றித் தரும் பெரியவர் ஒருவரிடம் மரப்பொறி வாங்கினேன். காசு வாங்கிக்கொண்டு, “இன்னிக்கே மாட்டிடாதீங்கம்மா. மூணு நாள் சும்மா திறந்து வச்சு வடையைப் போடுங்க. தின்னுட்டுப் போகட்டும். நாலாம் நாள் மாட்டுங்க” என்றார். இதில் பெரிய விஷயம் இருக்கிறது. வீட்டெலிக்குப் புதுப் பொருளைக் கண்டால் ஆகாது. நேற்று இல்லாத ஒன்று இன்று பாதையில் இருந்தால் சில நாள் அதைச் சுற்றிக்கொண்டு போகும். ‘எலிக்குக் காது கேட்கும், பொறி வைக்கப்போவதைச் சத்தமாகச் சொல்லாதே’ என்று வீடுகளில் சொல்வார்களே, முதல் நாள் பொறி காலியாக இருப்பதைப் பார்த்துப் பார்த்துத்தான் அந்தப் பேச்சு வந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. சுண்டெலி இதற்கு நேர் எதிர், புதிதாக எதைப் பார்த்தாலும் முகர்ந்து பார்க்க வந்துவிடும்.

பெரியவர் சொன்னபடி செய்தேன். பொறியைச் சுவரை ஒட்டி, வாய் பாதையைப் பார்த்து இருக்கும்படி வைத்தேன். முதல் இரண்டு நாள் வடை அப்படியே இருந்தது. மூன்றாம் நாள் காலி. நாலாம் நாள் இரவு பத்தேகாலுக்குச் சத்தம் கேட்டது. அந்த வாரம் மட்டும் ஐந்து. சுட்ட தேங்காய்ச் சில்லும் மசால்வடையும்தான் எங்கள் வீட்டில் அதிகம் பலித்தது, கருவாட்டுக்கு எறும்புதான் முதலில் வந்தது.

ஐந்தைப் பிடித்ததோடு விட்டிருந்தால் மீண்டும் பெருகியிருக்கும். எலிக்குக் கர்ப்பம் மூன்று வாரம்தான், குட்டிகள் மூன்று மாதத்தில் குட்டி போடத் தயாராகிவிடும். பிடிப்பதைவிட அடைப்பது முக்கியம். பெரிய எலி நுழைய அரை அங்குல இடைவெளி போதும். கொத்தனாரை வைத்து, சுவரும் ஓடும் சேரும் இடம், குழாய் உள்ளே வரும் துளை, சிங்க்குக்கு அடியில் இருந்த இடைவெளி எல்லாவற்றையும் சிமெண்டில் கண்ணாடிச் சில்லு கலந்து அடைத்தோம். அது பழைய காலத்து வழி. இப்போது பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரை முதலில் திணித்து மேலே சிமெண்ட் பூசினாலும் நன்றாக நிற்கிறது. வெறும் சிமெண்ட் காய்வதற்குள் தோண்டிவிடும், துணியும் தெர்மாகோலும் ஒரு ராத்திரிகூடத் தாங்காது. சாக்கடை வாய்க்கு இரும்பு ஜாலி, கொல்லைக் கதவின் அடியில் தகரப் பட்டை.

பொறிக்கு முன்னால் நாங்களும் மருந்து வைத்தோம், அதையும் சொல்ல வேண்டும். மெழுகுக் கட்டி மாதிரி இருக்கும், இரத்தத்தை உறையவிடாமல் செய்யும் மருந்து. ‘தின்றுவிட்டுத் தண்ணீர் தேடி வெளியே போய்ச் செத்துவிடும்’ என்று சொல்லித்தான் விற்கிறார்கள். அப்படி நடப்பதில்லை. மருந்து வேலை செய்ய நான்கைந்து நாள் ஆகும், சோர்ந்துபோன எலி தன் வளைக்குள்தான் போய்ப் படுக்கும். எங்கள் எலி பரணின் மரப்பலகைக்கும் ஓட்டுக்கும் நடுவே செத்தது. பத்து நாள் கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட முடியவில்லை. அந்த எலியைத் தின்னும் பூனைக்கும் ஆந்தைக்கும் அதே விஷம் போய்ச் சேரும். எங்கள் பக்கத்து வயல்களில் எலி பிடிக்க ஆந்தை வந்து உட்காரட்டும் என்று குச்சி நட்டு வைக்கிறார்கள். வீட்டில் மருந்து வைத்து அந்த ஆந்தையைக் கொல்வதில் நியாயமே இல்லை.

மற்ற மருந்துகள் இன்னும் மோசம். துத்தநாக பாஸ்பைடு, அலுமினிய பாஸ்பைடு இரண்டும் ஈரம் பட்டால் பாஸ்பீன் என்ற நச்சு வாயுவை விடும். பிந்தையது தானியக் கிடங்குகளுக்கானது, குடியிருக்கும் வீட்டில் அதற்கு இடமே கிடையாது. 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில், வீட்டில் எலிக்காக வைத்த மருந்தின் நெடி ஏசி அறையில் பரவி, தூங்கிக்கொண்டிருந்த இரண்டு குழந்தைகள் இறந்தார்கள். அந்தச் செய்தியைப் படித்த இரவு நான் எழுந்து போய் என் மகன் அறையைப் பார்த்துவிட்டு வந்தேன். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப் பசை இன்னொன்று. பல் துலக்கும் பேஸ்ட் மாதிரியே இருக்கும். யாராவது தெரியாமல் வாயில் வைத்துவிட்டால், முதல் ஓரிரு நாள் பெரிதாக ஒன்றும் தெரியாமல்கூட இருக்கலாம், ஆனால் உள்ளே கல்லீரல் போய்க்கொண்டிருக்கும். மாற்று மருந்து கிடையாது. ‘நன்றாகத்தானே இருக்கிறான்’ என்று ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது, நேராக ஆஸ்பத்திரிதான். குழந்தை இருக்கும் வீட்டில் இவற்றில் எதையும் வாங்கி வைக்காதீர்கள், கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

புழுக்கையைக் கூட்டுவதிலும் ஒரு முறை இருக்கிறது. விளக்குமாற்றால் காய்ந்ததை அப்படியே பெருக்கினால் தூசி மூக்குக்குள் போகும். பிளீச்சிங் கரைசலைத் தெளித்து ஐந்து பத்து நிமிடம் ஊறவிட்டு, கையுறை போட்டுக்கொண்டு துணியால் வழித்து எடுக்க வேண்டும். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரில் காலில் புண்ணோடு நடந்தால் எலிக்காய்ச்சல் வரும். ஐப்பசி மழையில் தெருவில் தண்ணீர் நிற்கும்போது இதை நினைவில் வையுங்கள். அந்த மழையிலும், சம்பா அறுவடை முடிந்த மாசியிலும் வயலில் இருந்த எலிகள் வீடு தேடி வருவதை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். அதற்கு முன்பே ஓட்டைகளை அடைத்துவிட வேண்டும்.

கரப்பான்பூச்சி விஷயத்தில் என் முதல் தவறு, எல்லாம் ஒன்று என்று நினைத்தது. சாக்கடையிலிருந்து வரும் பெரிய சிவப்புக் கரப்பு வேறு, சமையலறை அலமாரியில் ஓடும் சின்னப் பழுப்புக் கரப்பு வேறு. பெரியது ஒன்றரை அங்குலம் இருக்கும், வெக்கை நாளில் பறக்கும், கூட்டமாக வீட்டுக்குள் குடியேறாது. பெரும்பாலும் குளியலறைத் தரைச் சல்லடை வழியாக வரும். அந்தச் சல்லடைக்குக் கீழே ஒரு கிண்ணத்தில் தண்ணீர் நின்று வாடையையும் பூச்சியையும் தடுக்கும். நாங்கள் அதிகம் பயன்படுத்தாத மாடிக் குளியலறையில் அந்தத் தண்ணீர் காய்ந்து போயிருந்தது, அவ்வளவுதான் காரணம். வாரம் ஒரு குவளை தண்ணீர் ஊற்ற ஆரம்பித்ததும் பெரிய கரப்பு நின்றுவிட்டது. ஒரு பைசா செலவில்லை.

சின்னதுதான் படுத்தி எடுத்தது. அரை அங்குலம், தலைக்குப் பின்னால் இரண்டு கறுப்புக் கோடு. இதை ஜெர்மன் கரப்பான் என்பார்கள். 1767இல் லின்னேயஸ் வைத்த பெயரில் ஜெர்மனி வந்து ஒட்டிக்கொண்டது. மரபணுக்களை ஒப்பிட்ட 2024ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, சுமார் 2100 ஆண்டுகளுக்கு முன் இந்தியா அல்லது மியான்மர் பக்கத்தில், வயல்வெளியில் வாழும் ஆசியக் கரப்பானிலிருந்து இது பிரிந்தது என்று சொல்கிறது. மனிதனோடு சேர்ந்தே வாழப் பழகிய பூச்சி, மனிதக் குடியிருப்பை விட்டால் அதற்குப் பிழைப்பே கிடையாது. எங்கள் வீட்டுக்கு அது செகண்ட் ஹேண்ட் ஃபிரிட்ஜோடு வந்தது என்பது ஆறு மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

அதற்குள் ஆள் கூப்பிட்டு மருந்து அடித்தாயிற்று. ஒரே நாளில் நூறு கரப்பு செத்துக் கிடந்ததைப் பார்த்து நிம்மதியாக இருந்தோம். பத்தாம் நாள் பூஜை அலமாரியில், டிவிக்குப் பின்னால், மகனின் புத்தகப் பையில் எல்லாம் வந்துவிட்டது. ஸ்பிரே நெடி எரிச்சலூட்டும், தப்பியவை வேறு அறைக்கு ஓடும். முட்டைப் பைக்குள் மருந்து போகாது. இந்தச் சின்னக் கரப்பின் தாய், 30, 40 முட்டை கொண்ட பையைப் பொரியும்வரை வாலிலேயே சுமந்துகொண்டு இடுக்கில் பதுங்கும்.

பிறகு ஃபிரிட்ஜ் சரியாகக் குளிரவில்லை என்று மெக்கானிக் வந்தார். பின்பக்கத் தகட்டைக் கழற்றி, “அக்கா, கொஞ்சம் வந்து பாருங்க” என்று கூப்பிட்டார். கம்ப்ரஸரைச் சுற்றி மிளகைக் கொட்டினது போல எச்சம். வயர் கட்டுக்குள் மீசை மீசையாக அசைந்துகொண்டிருந்தது. வெதுவெதுப்பு, இருட்டு, கீழே தட்டில் எந்நேரமும் தண்ணீர். இதைவிட வேறென்ன வேண்டும் அதற்கு? கரப்பு சாப்பாடு இல்லாமல் வாரக்கணக்கில் தாங்கும், தண்ணீர் இல்லாமல் அவ்வளவு நாள் தாங்காது. நான் மேடையைத் துடைப்பேன், சிங்க்கை ஈரமாகவே விட்டுவிடுவேன். அன்றிலிருந்து படுக்கப்போகும் முன் சிங்க்கையும் மேடையையும் காய்ந்த துணியால் துடைப்பது வழக்கமாயிற்று. அந்த ஃபிரிட்ஜ் தட்டில் கரப்பு மட்டுமல்ல, கொசுப் புழுவும் நெளிந்தது. டெங்கு பரப்பும் பகல் கொசு அங்கேயும் முட்டையிடும், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே ஓரத்தில் ஒட்டி வைக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அதனால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, ஓரத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

கரப்பைத் தீர்த்தது ஜெல் மருந்து. ஆனால் அதை வைக்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. முதலில் எங்கே நடமாட்டம் என்று பார்க்க வேண்டும். விளக்கை அணைத்து ஒரு மணி நேரம் கழித்து, டார்ச்சின் மேல் சிவப்பு ஜிகினாத்தாளைச் சுற்றிக்கொண்டு போனேன். கரப்புக்குச் சிவப்பு வெளிச்சம் சரியாகத் தெரியாது, ஓடாமல் அதன் போக்கில் திரியும். அலமாரிக் கீல், மிக்ஸிக்கு அடி, கேஸ் அடுப்பின் கால், ஃபிரிட்ஜ் ரப்பர் மடிப்பு. அந்த இடங்களில் மட்டும் கடுகு அளவுப் பொட்டு, நிறைய பொட்டு. பெரிய உருண்டையாக ஒரே இடத்தில் வைப்பதால் பயனில்லை. ஜெல் வைத்த இடத்தில் ஸ்பிரேயும் பினாயிலும் கூடவே கூடாது, அந்த வாடைக்குக் கரப்பு கிட்டே வராது. தின்ற கரப்பு இடுக்கில் போய்ச் செத்தால், அதன் எச்சத்தையும் உடலையும் தின்னும் குஞ்சுகளும் சாகும், அதுதான் ஜெல்லின் பலம். முட்டைகள் பொரிந்து வரும் என்பதால் மூன்று வாரம் கழித்து இன்னொரு முறை வைத்தேன்.

சில வீடுகளில் ஜெல்லைக் கரப்பு தொடுவதே இல்லை என்பார்கள். அது கற்பனை இல்லை. குளுக்கோஸ் கலந்த மருந்தைத் தின்றவை எல்லாம் செத்துப்போக, குளுக்கோஸைக் கசப்பாக உணரும் கரப்பு வம்சம் பிழைத்துப் பெருகியதை அமெரிக்காவில் கண்டுபிடித்து, அதன் சுவை நரம்பு எப்படி மாறியது என்று 2013இல் விளக்கியும்விட்டார்கள். அப்படி நேர்ந்தால் குளுக்கோஸ் இல்லாமல் வேறு தீனி கலந்த ஜெல்லுக்கு மாறிப் பார்க்கலாம். போரிக் பவுடர் இன்னொரு வழி. கேரம் போர்டுக்குப் போடுகிறோமே, அதேதான். மேடைக்குப் பின்னால் கை எட்டாத இடுக்கில் தூசி மாதிரி மெல்லிசாகத் தூவினால், காலிலும் மீசையிலும் ஒட்டி, சுத்தம் செய்துகொள்ளும்போது வாய்க்குப் போகும். சர்க்கரை, கோதுமை மாவு சேர்த்து உருண்டை பிடித்து வைப்பவர்களும் உண்டு. என் மகன் சிறுவனாக இருந்தவரை நான் உருண்டை பிடிக்கவில்லை. பார்க்கப் பலகாரம் மாதிரியே இருக்கும்.

எறும்புக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன். வரிசையைக் கண்டதும் மருந்து அடிக்காதீர்கள். மஞ்சளாக, கண்ணுக்குத் தெரியாத அளவில் இருக்கும் பொடி எறும்பு, அடி விழுந்தால் இரண்டு மூன்று கூட்டமாகப் பிரிந்து போய்ப் புதுப் புற்று வைக்கும். வரிசை எந்தச் சந்தில் நுழைகிறது என்று பார்த்துவிட்டு, சோப்புத் தண்ணீரில் அந்தக் கோட்டையே துடைத்துவிட்டுச் சந்தை அடையுங்கள். முன்னால் போன எறும்பு விட்ட வாடையைப் பிடித்துத்தான் பின்னால் வருபவை வருகின்றன, கோடு போனால் பாதையும் போகும்.

அரிசி வண்டு பற்றி அத்தைக்கும் எனக்கும் ஒரு நீண்ட வாக்குவாதம் இருந்தது. நான் டப்பாவை நன்றாக மூடவில்லை, அதனால்தான் வண்டு உள்ளே போனது என்பது அவர் கட்சி. உண்மையில் வண்டு வெளியிலிருந்து வருவதைவிட மூட்டையோடு வருவதுதான் அதிகம். தாய் வண்டு அரிசியைக் குடைந்து உள்ளே ஒரு முட்டை வைத்து மேலே மூடிவிடும். புழு, கூட்டுப்புழு எல்லாம் அந்த ஒரே அரிசிமணிக்குள்ளேயே. ஒரு மாதம் போல ஆனதும் துளை போட்டுக்கொண்டு வெளியே வரும். வாங்கும்போது சுத்தமாக இருந்த 25 கிலோ மூட்டையில் அடுத்த மாதம் வண்டு நெளிவது இதனால்தான். ஒரு நாள் இரண்டு அரிசியை உள்ளங்கையில் வைத்து பிளேடால் பிளந்து அத்தையிடம் காட்டினேன். ஒன்றின் வயிற்றுக்குள் கால் இல்லாத ஒரு வெள்ளைப் புழு சுருண்டு படுத்திருந்தது. கண்ணாடியை ஏற்றிப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். “அப்போ இத்தனை வருஷமா உன்னைத்தான் திட்டினேன்” என்றார்.

இப்போது எங்கள் வீட்டில் ஒரே மூட்டையாக வாங்குவதில்லை, பத்துப் பத்து கிலோதான். ரவை, மைதா, பயறு வாங்கியதும் நான்கு நாள் ஃபிரீசரில் வைத்துவிட்டுத்தான் டப்பாவுக்கு மாற்றுகிறேன். உள்ளே இருக்கும் முட்டையும் அதில் போய்விடும். அரிசியை வெயிலில் உலர்த்தினால் வண்டு சூடு தாங்காமல் ஓடும், ஆனால் நெடுநேரம் காயவைத்தால் அரிசி வெடித்துச் சாதம் நொய்யாகக் குழையும். நிழலான இடத்தில் பரப்பி முறத்தில் புடைப்பதுதான் நல்லது. பயற்றின் மேல் வெள்ளைப் புள்ளி ஒட்டியிருந்தால் அது வண்டு முட்டை, வாங்கும்போதே பார்த்துக்கொள்ளலாம். வேப்பிலை, காய்ந்த மிளகாய், வசம்பு எல்லாம் புதிதாக வருவதைக் கொஞ்சம் தள்ளி வைக்கும், உள்ளே இருப்பதைக் கொல்லாது. கோவை வேளாண் பல்கலைக்கழகம் உருவாக்கிய, துளைகள் போட்ட ஒரு குழாய்ப் பொறி உண்டு. தானியத்துக்குள் செருகி வைத்தால் காற்றைத் தேடி அலையும் வண்டுகள் துளை வழியாக உள்ளே விழுந்து அடியில் சேரும். ஊரில் நெல்லும் உளுந்தும் சேர்த்து வைக்கும் உறவினர்கள் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

கரையான் எங்கள் பூஜை அறை நிலையைத் தின்றுவிட்டது. அதற்கு முந்தைய ஆண்டே அது சொல்லிவிட்டுத்தான் செய்தது. மழை விட்ட மாலையில் ஈசல் பறந்து வருவது சாதாரணம். ஆனால் வீட்டுக்குள், கதவெல்லாம் மூடியிருந்த அறையில், நிலைக்கு அடியில் ஈசல் இறக்கைகள் குவிந்து கிடந்தன. நான் பெருக்கித் தள்ளினேன். ஈசல் என்பது சிறகு முளைத்த கரையான், அது வீட்டுக்குள்ளிருந்து கிளம்பினால் கூட்டம் கீழே இருக்கிறது என்று அர்த்தம். சுவரில் மண் கோடு தெரிந்தால் உடனே முழுவதையும் கலைக்காதீர்கள். நடுவில் ஓர் அங்குலம் மட்டும் உடைத்துவிட்டு அடுத்த நாள் பாருங்கள், மூடியிருந்தால் உயிரோடு இருக்கிறது. மரத்தில் மட்டும் மருந்து அடித்துப் பயனில்லை, கூடு மண்ணுக்குள். தரையும் சுவரும் சேரும் இடத்தில் வரிசையாகத் துளையிட்டு மண்ணுக்கு மருந்து இறக்க வேண்டும். அதற்கு ஐஎஸ் 6313 என்று இந்தியத் தரநிலையே இருக்கிறது. வேலைக்கு ஆள் பேசும்போது அதன்படி செய்வீர்களா என்று கேளுங்கள். அட்டைப் பெட்டியைச் சுவரை ஒட்டித் தரையில் வைப்பதை நாங்கள் அடியோடு விட்டுவிட்டோம்.

மூட்டைப்பூச்சி என் நாத்தனார் மகனின் ஹாஸ்டல் பையில் வந்தது. கட்டில் சட்டம் சேரும் மூலையில் பேனா மை தெளித்தது போலக் கறுப்புப் புள்ளிகள், அதுதான் அடையாளம். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தினானாம் என்பார்கள். அந்த நிலைக்கு வந்துவிட்டோம். ரத்தம் கிடைக்காமல் மாதக்கணக்கில் காத்திருக்கும், பல மருந்துகளுக்கு இப்போது அசைவதே இல்லை. சூடுதான் அதற்கு எமன். துணிகளை வெந்நீரில் போட்டோம், கட்டில் இடுக்கில் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றினோம், பை, தலையணை எல்லாவற்றையும் கறுப்புப் பிளாஸ்டிக் கவரில் கட்டிச் சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் மூன்று நாள் போட்டோம். வாரம் ஒரு முறை என்று இரண்டு மாதம் விடாமல் செய்தோம். இப்போது ஊருக்குப் போய் வந்தால் பை நேராக மாடிக்குத்தான் போகும், படுக்கை மேல் வைக்கவே விடமாட்டேன்.

மூஞ்சூறைப் பற்றிச் சொல்வதாக எழுதியிருந்தேன். நீண்ட மூக்கு, பொடிக் கண், கஸ்தூரி மாதிரி ஒரு கடும் வாடை, கீச் கீச் என்ற சத்தம். பிள்ளையார் வாகனம் என்று சொல்வார்கள். இதற்குக் கொறிக்கும் பல் கிடையாது, வயரையும் ட்யூபையும் கடிக்காது. தின்பது கரப்பு, புழு, பூச்சி. மாவில் இதன் கால் பதிந்தால் முன்னங்காலிலும் ஐந்து விரல் தெரியும். முதல் ஆண்டில் பொறியில் விழுந்த இரண்டு மூஞ்சூறுகளைச் சுண்டெலி என்று நினைத்துக் கொன்றுவிட்டோம். இன்றும் அதை நினைத்தால் மனசு சங்கடப்படுகிறது.

இப்போதும் மாதம் ஒரு முறை, அமாவாசைக்கு முந்தின இரவு, கல்மாவைத் தூவி வைக்கிறேன். போன மாதம் காலையில் டார்ச்சைப் படுக்கவைத்து அடித்தபோது கொல்லைக் கதவிலிருந்து சிங்க் அடிவரை ஒரே ஒரு தடம். மகன் மண்டியிட்டு உட்கார்ந்து விரலை எண்ணினான். “முன்னாடியும் அஞ்சும்மா” என்றான். அத்தை பொறியை எடுத்துப் பரணில் வைக்கச் சொன்னார்.